ஓய்வு நாளில் இழுத்த வலை

1

1949 பிப்ரவரி 12, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சைக்கிள்கள் இரண்டும் இரவு சாத்திவைத்த பனைமரத்தடியிலேயே பனியில் நனைந்து நின்றன. முதலில் சீட்டுகளைத் துடைத்தேன். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் கருப்பட்டிக் காப்பி போட்டேன். என் மனைவி பிலோமினாள் விரிப்புகளை உதறி, கூடாரக் கயிற்றில் வெயில் விழும் பக்கமாகப் பார்த்துக் காயப்போட்டாள். ஏழு மணிக்குச் செயின்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். தேரிக்காட்டுச் செம்மணல் உள்ளே இறங்கி, எண்ணெயோடு சேர்ந்து சாந்தாகியிருந்தது.

ஓய்வு நாள் என்றால் சும்மா இருக்கும் நாள் அல்ல. சைக்கிள் மிதிக்காத நாள், அவ்வளவுதான். மண்டபத்தில் ரயிலை விட்டு இறங்கி, கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கரையோரமாகவே கன்னியாகுமரி போய்ச் சேருவது எங்கள் திட்டம். வழியில் ஒரே ஒரு முழு ஓய்வு நாள். அது எந்த ஊரில் என்பதை நான் தீர்மானிக்கவில்லை. கொழும்பில் வரைபடத்தை விரித்தபோதே பிலோமினாள் விரலை வைத்துவிட்டாள்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். திருச்செந்தூருக்குத் தெற்கே, மாதா கோயில் ஒன்றும் பனங்காடும் உள்ள கரையூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்த ஊர்.

இந்த மாதத்தோடு நாங்கள் கொழும்புக்குப் போய் இருபத்தைந்து வருஷம். நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர் ஒன்றில் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். தூத்துக்குடியில் ஒரு பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கத்தோலிக்க வேதக்காரக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். இரண்டு வீட்டிலும் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்ததால் கேட்காமல் தோணி ஏறினோம். என் வீட்டார் நாலைந்து வருஷத்தில் சமாதானமாகிவிட்டார்கள். அவளுடைய அண்ணன் சூசை மட்டும் அன்று நிறுத்திய பேச்சை மறுபடி தொடங்கவே இல்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவாள், பதில் வராது. அவள் அப்பா இறந்த செய்தி, கொழும்புத் துறைமுகத்தில் ஒரு தோணிக்காரர் பேச்சுவாக்கில் சொல்லி, பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இருபத்தைந்தாம் வருஷத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். வளையல் என்பாள் என்று எதிர்பார்த்து, விலைகூட விசாரித்து வைத்திருந்தேன்.

"சைக்கிள்ல ஊர்ப் பக்கம் போகணும்," என்றாள். "வீட்டு வாசல்ல போய் நிக்கமாட்டேன். ஆனா ரோட்டுல யாரும் போகலாம், கடக்கரையில யாரும் படுக்கலாம். அண்ணன் கூப்பிட்டா சரி. கூப்பிடலைன்னா கூடாரத்தைச் சுருட்டிட்டு அடுத்த ஊருக்குப் போயிருவோம்."

அதற்காகத்தான் இந்த ஓய்வு நாள்.

2

ஐம்பதை நெருங்கும் தம்பதிக்குச் சைக்கிள் எதற்கு என்று நம் ஊர்ப் பக்கத்தில் வாசிப்பவர்கள் கேட்கக்கூடும். யுத்தத்தின்போது கொழும்பில் பஸ் குறைந்துபோனது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டையில் உள்ள ஆபீசுக்கு நான் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். பிலோமினாள் முதலில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பிறகு நான் ஓட்டும் விதம் பிடிக்காமல் தானே கற்றுக்கொண்டாள். கூடாரம், யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலம் போட்ட சாமான்களில் வாங்கியது. பச்சை நிறம். ஓரத்தில் ஒரு ஒட்டு.

தனுஷ்கோடிச் சுங்கத்தில் அந்தக் கூடாரத்தோடு அரைநாள் போயிற்று. பிரயாணி கொண்டுவரக்கூடிய பொருள்களின் பட்டியலில் உடுப்பு உண்டு, பாத்திரம் உண்டு, படுக்கை உண்டு, கூடாரம் இல்லை. அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மனிதர். அதை விரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்து "படுக்கை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேச்சிலும் அங்கங்கே தடுக்குகிறது. தூத்துக்குடியில் ஒரு கடையில் பாண் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, "பாத்திரக்கடை எதுத்தாப்ல," என்றார். ரொட்டி என்ற சொல் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கொழும்பில் விடிந்தால் பாண் வண்டிதான் எங்களை எழுப்புகிறது. எழுப்புகிறவனின் பெயர் நாவில் முதலில் நிற்பது இயற்கை.

எங்களுக்கு ஒரே மகள், லீலா. வயது இருபத்திரண்டு. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நாங்கள் தமிழில் கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். அகம்பாவத்தால் அல்ல. அவள் தமிழ் பேசும் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் இருவருக்கும் அவள் சொல்வது எப்படியும் புரிகிறது. பயணத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்: "அம்மாவுக்கு அண்ணன் இருக்காரா?"

"இருக்கார்," என்றாள் பிலோமினாள்.

"என்ன செய்றார்?"

"மீன் பிடிக்கிறார். சொந்த வலை."

"மீன் வாங்கும்போது அதனாலதான் அம்மாவை ஒருத்தரும் ஏமாத்த முடியல்லியா?" என்றாள். அம்மாவைப் பற்றி அவள் புதிதாக ஒன்று தெரிந்துகொண்ட நாள் அது.

போன வருஷக் கடைசியில் குடியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து கொழும்பில் ஒரு புதுக் கேள்வி கிளம்பியிருக்கிறது. ரேஷன் ஆபீசில் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள்: நீங்கள் எந்த நாட்டவர்? கேட்பவர்கள் வருஷக்கணக்காகப் பழகியவர்கள். கேட்டுவிட்டு அவர்களே சங்கடப்படுகிறார்கள். ஒரே வீதியில் இத்தனை காலம் குடியிருந்ததற்கான ரசீதுகளை நான் வரிசையாக வைத்திருக்கிறேன். அவை போதுமா என்று அவர்களுக்கும் தெரியாது. மற்றபடி அங்கே எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. ஞாயிறு மாலைகளில் கடற்கரைக்குப் போவோம். சிங்கள மீனவர்கள் கரைவலை இழுப்பார்கள். பிலோமினாள் கரையோர ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்று, மீன் கரைக்கு வரும்வரை பார்ப்பாள். ஒருநாளும் கிட்டப் போனதில்லை.

3

இங்கே கூடாரம் போட நேற்று மாலை கோயில் உபதேசியாரிடம் நான்தான் அனுமதி கேட்டேன். பிலோமினாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பனைமூட்டில் சைக்கிளோடு நின்றாள்.

"யாரு வீடு?" என்றார் உபதேசியார்.

"கொழும்புலேர்ந்து வாரோம்."

"கொழும்புங்கது ஒரு வீடா?" என்று சிரித்தார். "சரி, படுத்துக்கிடுங்க. வலை காயுற எடத்துல மட்டும் முளை அடிக்காதிய."

அதனால் கெட்டித் தரையை விட்டுவிட்டு, மணல் பொலபொலவென்று இருக்கும் பக்கத்தில் முளை அடிக்க நேர்ந்தது. இரண்டு இரவுக்கும் ஒரு பகலுக்கும் இது போதும் என்று நினைத்தேன்.

இன்று காலை எட்டு மணிக்குப் பிலோமினாள் ஒரு சட்டி நீரில் டியூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உடைமுள் ஏறியிருந்தது. இடுப்பில் ஓலைக் கடகத்தோடு ஒரு பெண் வந்து, கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஏதோ பொம்பள சைக்கிள் விடுதாளாம்னு சொன்னாவ. வெள்ளைக்காரின்னுல்லா நெனச்சேன்."

பிலோமினாள் தலை நிமிரவில்லை. "வெள்ளைக்காரி தன் கையால ஒட்டுப் போடுவாளோ?"

அந்தப் பெண் கடகத்தைக் கீழே இறக்கிவைத்தாள். "ஏளா, இந்தப் பேச்சு எனக்குத் தெரிஞ்ச பேச்சுல்லா. பிலோமியாளா நீ?"

"இல்ல. கவர்னர் பொண்டாட்டி."

"அப்பம் இங்கன கரியப் பூசிக்கிட்டு இருக்கது கவர்னரோ?" என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் செயினும் கையுமாக எழுந்து கும்பிட்டேன்.

அவள் பெயர் திரேசம்மாள். அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, சிறுவயதில் பிலோமினாளோடு ஒன்றாகக் கோயிலில் புதுநன்மை வாங்கியவள். இருவரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்து நான் கொஞ்சம் விலகி நின்றேன். அவர்கள் என் அரைக்கால் சட்டையைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா கதைக்காத, உக்காரு," என்றாள் பிலோமினாள்.

"கதைக்காதயாம். நாக்கையும் அங்கனயே மாத்திக்கிட்டியோ?" திரேசம்மாள் மணலில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு உங்க அண்ணன் வலைதான். வள்ளம் வளைச்சிக்கிட்டு வருது."

"பாத்தேன். முன்னால நிக்கது அண்ணன்தான்."

"இம்புட்டுத் தொலவுல எப்பிடித் தெரிஞ்சுது?"

"நிக்கிற நிப்பு மாறலையே."

திரேசம்மாளும் கடலைப் பார்த்தாள். பிறகு, "வாரியா, கயிறு பிடிக்க?" என்றாள்.

"எனக்கு இன்னைக்கு ஓய்வு. அவுக எழுதி வச்சிருக்காவ."

திரேசம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சிக்கு எங்க ஊர் மொறை தெரியாதுல்லா, கேட்டுக்கிடுங்க. கயித்தத் தொட்டவங்களுக்கு மீன்ல ஒரு கூறு உண்டு. அவன் இவன்னு கெடையாது. வழிப்போக்கன் தொட்டாலும் உண்டு. ஆனா தொட்டுட்டு விடப்பிடாது, வலை மடி கரைக்கு வாரவரைக்கும் நிக்கணும். வலைக்காரவ ஒவ்வொரு கூறையும் வீட்டுப் பேரு சொல்லிக் கூப்பிடுவாவ. கடைசிக் கூறு கூப்பிடுறதுக்குள்ள ஒருத்தரும் மீனத் தொடமாட்டோம். கூறு வாங்குனவ அடுத்த வலைக்கும் வரணும். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டுக் கடகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அதை எனக்காகச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரிந்தது.

4

பிலோமினாள் டியூபில் போட்ட ஒட்டை அழுத்திப் பிடித்தபடி கரையையே பார்த்திருந்தாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"போறியா?"

"கிட்டப் போய்ப் பாக்கேன்."

கரையில் இரண்டு கயிறுகள் கடலுக்குள் நீண்டு கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆட்கள். வடக்குக் கயிற்றின் வால்பக்கம் பெண்கள் நின்றார்கள். பிலோமினாள் அவர்களுக்குப் பின்னால் போய்ச் சிறிது நேரம் நின்றாள். முன்னால் இருந்த திரேசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பிலோமினாள் முந்தானையை இடுப்பில் செருகினாள், குனிந்தாள், கயிற்றை எடுத்தாள்.

நான் பனைமரத்தடியிலிருந்து பார்த்தேன். கையிலிருந்த செயினிலிருந்து எண்ணெய் சொட்டி, துவைத்த துண்டில் விழுந்திருக்கிறது. மாலையில்தான் கவனித்தேன்.

"கொழும்பு அண்ணாச்சி, கயிறு கடிக்காது, வாங்க," என்று யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, கையை ஆட்டி மறுத்துவிட்டேன். நான் தொட்டால் கொழும்புக்காரனுக்கு ஒரு கூறு, அவன் மனைவிக்கு ஒரு கூறு என்று ஆகிவிடும். வழிப்போக்கர்களுக்குக் கொடுப்பது யாருக்கும் எளிது. அவள் அதற்காகக் குனியவில்லை.

வள்ளம் கரை தட்டியது. முன்னாலிருந்து குதித்தவர் உயரமானவர். தலையில் துண்டு, மார்பில் நரைமுடி. பிலோமினாளின் மூக்கு அப்படியே அவருக்கும். சத்தம் போட்டுக்கொண்டே தெற்குக் கயிற்றோரம் போய்த் திரும்பி, வடக்குக் கயிற்றுக்கு வந்தார். வரிசையோடு நடந்து வால்வரை வந்தவர் ஒரு கணம் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றின் மேல் இருந்த கைகளைப் பார்த்தார்.

"கால ஊனிப் பிடி. நழுவுது," என்றார்.

யாரிடம் சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. பிலோமினாள் காலை ஊன்றினாள். அவர் போய்விட்டார்.

கயிறு இழுக்கும் அம்பாப் பாட்டு எழுந்தது. இரண்டு வரிசைகளும் பின்னால் நடந்து நடந்து, ஒன்றையொன்று நெருங்கி வந்தன. வெயில் நன்றாக ஏறியபோது மடி கரையைத் தொட்டது. பெரும்பாலும் சாளை மீன். கொஞ்சம் காரல், அடியில் நாலைந்து பாரை. குறைசொல்ல முடியாத மீன்பாடு என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அவர் காயல்பட்டினத்து மீன் வியாபாரி, பெயர் காதர். கேரியரில் ஓலைக்கூடை கட்டிய சைக்கிளோடு வந்திருந்தார். எங்கள் சைக்கிள்களின் டைனமோவை ஏற்கெனவே இரண்டு முறை சுழற்றிப் பார்த்துவிட்டார்.

வலைக்கும் வள்ளத்துக்கும் உள்ளதைப் பிரித்தார்கள். கோயிலுக்குள்ளதைத் தனியே வைத்தார்கள். மிச்சத்தைக் கூறு வைப்பவர், கயிற்றில் இருந்த கைகளை எண்ணிவைத்திருந்தபடி, மணலில் குவியல் குவியலாக வைத்தார். சூசை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். "எங்க வீடு" என்று முதலில், கயிறு இழுத்த தன் மகனின் கூறைச் சொன்னார். பிறகு மேலத்தெரு வீடு, மணியக்கார வீடு, திரேசம்மாள் பேரில் கிணத்தடி வீடு. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் தம் குவியலுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவரும் குனியவில்லை.

கடைசியாக ஒரு குவியல் மிஞ்சியது. அதற்குப் பின்னால் பிலோமினாள் நின்றாள்.

சூசை தலைத்துண்டை அவிழ்த்துக் கைகளைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். காக்கைகள் கிட்ட வந்தன. யாரோ ஒருவர் மட்டும் அவற்றை விரட்டினார்.

"அண்ணாச்சி," என்றார் காதர், "வெயிலு ஏறுதுல்லா. மீனுக்கு உங்க வீட்டு விவகாரம் தெரியாது."

"ஏன் காதர் பாய், அவசரமா?" என்றாள் திரேசம்மாள். "நாங்க நிப்போம். எங்களுக்கு மத்தியானக் கஞ்சிக்கு இன்னும் நேரங் கெடக்கு."

அவள் சொன்னதும் வேறொரு பெண் கையைக் கட்டிக்கொண்டாள். அதற்கடுத்தவரும் கட்டிக்கொண்டார்.

சூசை துண்டைத் தோளில் போட்டார். கடைசிக் குவியலைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீடு. ரெண்டாவது கை."

கரை முழுவதும் ஒரே சமயத்தில் குனிந்தது. காதர் தராசை எடுத்தார். பேச்சும் கூச்சலும் எழும்பிவிட்டன. பிலோமினாள் மட்டும் உடனே குனியவில்லை.

சூசை வலையை உதறப் போனவர், முதுகைக் காட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "நாளைக்குப் பூசை, வலை கெடையாது. திங்கக்கெழம கூறு வாங்குன கையெல்லாம் வந்துரணும். சைக்கிள் இருக்கு, கப்பல் இருக்குன்னு யாரும் சொல்லப்பிடாது."

"வாரேன்னு சொல்லு திரேசு," என்றாள் பிலோமினாள்.

"வாராளாம்," என்று கூவினாள் திரேசம்மாள்.

"எனக்குக் காது கேக்கும்," என்றார் சூசை.

5

மத்தியானம் சாளைக் குழம்பு. அரிசிக்கு ரேஷன் சீட்டு இல்லாத நாங்கள் மண்டபத்திலிருந்து அவலிலும் பொரியிலும் காலம் தள்ளியதால், திரேசம்மாள் கொடுத்தனுப்பிய கம்பஞ்சோறு விருந்தாக இருந்தது. கொழும்பில் மீனை நறுக்கும்போது பிலோமினாள் பேசமாட்டாள். இன்று முழுவதும் பேசிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் யார் கட்டிக்கொண்டது, யார் கப்பலில் போனது, அண்ணனின் மகனுக்கு இடது கைப் பழக்கம், அது அவளுடைய அப்பாவுக்கும் இருந்தது. நான் செயின்களைப் பூட்டினேன். பிரேக் கட்டைகளைத் திருப்பி மாட்டினேன். துண்டை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன், கறை போகவில்லை.

அவள் உள்ளங்கை இரண்டும் கயிறு உரசிச் சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

"உங்களுக்குக் கன்னியாகுமரி பாக்கணும்லா," என்றாள். "திட்டப்படி நீங்க காலைல கெளம்புங்க. நான் திரேசு வீட்ல இருந்துக்கிடுதேன். திரும்புறப்ப கூட்டிட்டுப் போங்க."

லீவு என்றைக்கு முடிகிறது, தனுஷ்கோடியில் என்றைக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். திங்கட்கிழமை வலை முடிந்து கிளம்பினால் கன்னியாகுமரிக்கு நாள் இல்லை. ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம். மூன்று கடல்களும் சேரும் இடத்தில் சைக்கிள்களை நிறுத்தி நிற்பதாகப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"காலைல பாப்போம்," என்றேன். என்னை அறிந்தவள், வற்புறுத்தவில்லை. கூடார நிழலில் படுத்துத் தூங்கிப்போனாள். கிளம்பிய நாளிலிருந்து அவள் பகலில் தூங்கியது இன்றுதான்.

பொழுது சாயும்போது சூசை வந்தார். பிலோமினாள் உள்ளே அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். அவர் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு முளையைக் கால் விரலால் நெம்பிப் பார்த்தார். அது ஆடியது.

"ராத்திரி வாடைக்காத்து ஏறும்," என்றார். "இந்த முளை ரெண்டு நாளைக்கு நிக்காது."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் என்றாவது பேசினால் என்ன சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் பல பதில்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட முளையைப் பற்றியது அல்ல.

"காலைல கெளம்புறதா இருந்தோம் மச்சான்," என்றேன். அந்த முறைச்சொல் தானாக வந்துவிட்டது.

"இருந்தியளோ," என்றார்.

போகத் திரும்பியவர் பிலோமினாளின் சைக்கிளருகே நின்றார். ஹாண்டில்பாரைப் பார்த்தார். கட்டைவிரலால் மணியை ஒரு தடவை அழுத்தினார். பிறகு பனைகளுக்கிடையே நடந்து போய்விட்டார்.

உள்ளே துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

"யாரு மணி அடிச்சா?" என்றாள் பிலோமினாள்.

"உங்க அண்ணன்."

உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. "சின்ன வயசுல எந்த மணியைப் பாத்தாலும் அடிச்சிருவாவ. கோயில்ல எத்தனை தடவை அடி வாங்கியிருக்காவ தெரியுமா?"

இரவு காற்று ஏறத்தான் செய்தது. கூடாரத் துணி படபடத்தபடி இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தும் போயிற்று. இருவரும் மற்றப் பக்கத்தில் ஒதுங்கிப் படுத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முதல் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. பிலோமினாள் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தாள். வாசலில் அவளுக்காகத் திரேசம்மாள் நின்றாள். அவர்கள் போனதும், திட்டப்படி அந்நேரம் பிடுங்கியிருக்க வேண்டிய முளைகளை முதல் வேலையாக ஒவ்வொன்றாக நேராக்கி, மரச்சுத்தியால் இன்னும் ஒரு சாண் ஆழத்துக்கு அடித்து இறக்கினேன்.